ஒலியை நிறுத்திய வீடியோ

இங்கே கிளாஸ்கோவில் வகுப்புக்குள் நுழைந்ததும் ஆசிரியை ஃபியோனா முதலில் சொல்வது, "போனை வெளியே எடுங்கள்." நம்மூர்க் கல்லூரியில் போன் கண்ணில் பட்டாலே பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். இங்கே அதுதான் பாடப்புத்தகம். டிஜிட்டல், சமூக ஊடகத் தொடர்பியல் என்று படிப்புக்குப் பெயர். எண்ணூரிலிருந்து வந்து ஐந்து மாதமாகியும் எனக்கு அந்த வியப்பு அடங்கவில்லை.

முன்பின் தெரியாதவர்களிடமும் போய்ச் சேர்ந்த ஒரு வீடியோவை அவரவர் ஊரிலிருந்து காட்டச் சொன்னார். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என் அக்கா மலரை நான் எடுத்தது. ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, மாமா இறாலுக்காக இழுத்துவந்த வலையைத் தூக்கிக் காட்டுவாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறாக வழியும். "பாருங்க, எறா இல்ல, சாம்பல்தான் கீது. இத்த எவன் துன்னுவான்?" நல்ல தமிழில் இன்னொரு முறை பேசச் சொன்னேன். "இன்னாத்துக்குடி? நான் இன்னா நியூசா படிக்கிறேன்?" என்று கரையேறிவிட்டாள். கூச்சத்தோடுதான் பதிவேற்றினேன். சாயங்காலத்துக்குள் யார் யாரோ பகிர்ந்திருந்தார்கள்.

அந்தக் கூச்சமும் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது. வகுப்பில் ஒலியை நிறுத்திவிட்டு, அடியில் ஆங்கில வரிகளை மட்டும் ஓடவிட்டேன். "சத்தம் வரவில்லையே?" என்றார் ஃபியோனா. பொய் சொல்ல வாய் வரவில்லை. திறந்துவிட்டேன். அக்காவின் குரல் அந்தப் பெரிய அறையை நிறைத்தது.

"யாரைத் திட்டுகிறார்?" என்றான் பக்கத்திலிருந்த கேலம்.

"யாரையும் இல்லை. எங்கள் பக்கம் பேசுவதே இப்படித்தான்."

"அப்புறம் ஏன் நிறுத்தி வைத்தாய்?"

அதற்குள் ஆங்கில வரிகளை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார் ஃபியோனா. ஒரு சொல்லும் புரியாத இருபது பேர் அசையாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் மீன்கூடையை ஏற்றக்கூடாது என்ற கண்டக்டரிடம் மல்லுக்கு நின்ற அதே குரல்தான். அதை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

வெளியே வந்ததும் கிளைட் ஆற்றங்கரையிலிருந்து அக்காவை வீடியோ காலில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒலியை நிறுத்தியதையும்.

"அவ்ளோ கலீஜாவா கீது என் பேச்சு?"

"இல்லக்கா. தப்பு என் மேலதான்."

"சரி, வுடு. அவங்களுக்கு இன்னா புரிஞ்சுதாம்?"

"ஒண்ணும் புரியல. ஆனா இன்னொருதபா போடச் சொன்னாங்க."

"புரியாமயேவா!" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்க தண்ணி எப்டி கீது? காட்டு."

கேமராவைத் திருப்பினேன்.

"இன்னா மீனு கெடைக்கும்?"

"தெரியாதுக்கா."

அவளும் தன் போனை எங்கள் ஆற்றுப் பக்கம் திருப்பினாள். திரை நிறைய எண்ணூர்த் தண்ணீர், மூலையில் சின்னக் கட்டத்துக்குள் கிளாஸ்கோ தண்ணீர். இரண்டிலும் நான் இல்லை.