ஸ்பிரிட் குழாய்க்குப் பூசிய அரக்கு

இன்று காலை மச்சானும் நானும் அவருடைய காரில் பேச்சிப்பாறைக்குக் கிளம்பினோம்.

ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்காமலிருக்க, ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து உள்ளே பீய்ச்சும் குழாய் ஒன்றை அவரே பொருத்தியிருந்தார்.

"குழாய முறுக்கி மாட்டுன மரையில கசியாதா?" என்று கேட்டேன்.

"அரக்கு பூசியிருக்கேன் மக்கா. கல்லு மாதிரி இறுகிட்டு."

மலையேறும்போது புது மர பீரோ வாசனை வந்தது. பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மச்சான், வண்டிய நிறுத்தும்."

பானெட்டைத் திறந்தோம். தீ எதுவும் தெரியவில்லை. குழாயில் சுற்றியிருந்த துணி மட்டும் தானாகக் கருகிச் சுருண்டுகொண்டிருந்தது. தொடப்போன என் கையை மச்சான் பிடித்து இழுத்தார்.

"தொடாத. எரியுது. வெயில்ல ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது."

மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம்.

நாளை வேறு பூச்சு பூசி மறுபடியும் போகிறாராம். முன் சீட் காலி. யார் வருகிறீர்கள்?