துணிமேல் வைத்த புத்தகம்

எண்பதுகளின் கடைசியில் நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு படிப்பகம் வைத்திருந்தோம். நூலகர் நான். சம்பளமில்லாத பதவி என்பதால் தோரணை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவேன். ஓரத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம். என் நகைச்சுவையெல்லாம் அங்கேதான். படிக்கத்தான் ஆளில்லை.

பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவர், நாங்கள் பாய் என்று கூப்பிடுபவர், ரஷ்யப் புரட்சி பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப்போய் ஆறு மாதமாகத் தரவில்லை. வெட்டும்போது அடுக்கிய துணி நகராமலிருக்க, பாரம் வைக்க அதைவிட வாகான சாமான் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு பக்கம்கூடப் பிரித்ததில்லை. அது தெரிந்தும் எழுதினேன்: 'புரட்சி முடிந்ததும் திருப்பித் தருவார்.'

ஒருநாள் மஃப்டியில் உளவுப்பிரிவு ஏட்டு ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, இந்த நோட்டைக் கொஞ்சம் பாக்கலாமுங்களா?"

எந்த உத்தரவின் பேரில் என்று கேட்டிருக்க வேண்டும். உலக சரித்திரம் படித்தவன் நான். ஆனால் தேடி வந்தவரிடம் அப்படிக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. ரண்டு நாள் வெச்சிருந்தே குடுங்க" என்றேன். ஒரு வாசகர் கிடைத்த சந்தோஷம் வேறு.

நோட்டு இரண்டாம் நாளே திரும்பியது. என் நகைச்சுவை மட்டும் அவர்கள் ஃபைலிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வருஷம் பாய்க்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு நேராக என்னிடம் வந்தார்.

"புரட்சி எப்பத்தான் முடியும்னு கேட்டுட்டுச் சிரிக்கறாங்க. ஒண்ணும் வெளங்கலீங்க."

எனக்கு விளங்கியது.

பாஸ்போர்ட் வரவில்லை, காரணமும் வரவில்லை. சந்தேகப்பட அவர்களுக்கு அதிகாரம் உண்டு, எதற்கென்று சொல்லும் கடமை கிடையாது. அழகான ஆங்கிலத்தில் மூன்று மனுக்கள் எழுதித் தந்தேன். சொல்லப்படாத குற்றச்சாட்டை மறுத்து எழுதுவது தனி இலக்கிய வகை. ஷார்ஜாக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க, எனக்கு ஆகாதவன் எவனாச்சும் போலீசுல சொல்லிக் குடுத்திருப்பானுங்களா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஆகாதவங்க யாருங்க இருக்கறாங்க?" என்றேன்.

யோசித்துப் பார்த்து, தங்கை புருஷன்தான் என்று அவரே முடிவு கட்டினார். அந்த வீட்டுக்குப் போகவர இருப்பதை நிறுத்திக்கொண்டார். அவரில்லை என்று நான் சொல்லவில்லை.