சம்பந்தி வீட்டுக் குலதெய்வம்

மகளின் கல்யாணப் பத்திரிகையில் எண்ணெய் டப்பாத் தாத்தாவைக் கடவுளாக அச்சடித்த ஆள் நான். யாரும் தூண்டிவிடவில்லை. என் மூளையை முழுதாகச் செலவழித்து நானே செய்த வேலை.

மகள் பினாங்கில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் சீனப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் தங்கம். எங்கள் கவலை வேறு. ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து இத்தனை காலமாகியும் எங்கள் வீட்டுப் பத்திரிகை மாறவில்லை: இடது மூலையில் எங்கள் குலதெய்வம், வலது மூலையில் சம்பந்தி வீட்டுக் குலதெய்வம், இரண்டின் கீழும் 'துணை'.

"அந்த ஊர்ல என்ற புள்ளைய எந்தச் சாமிங்க பாத்துக்கும்? அது தெரியாம எப்படி அனுப்பறது?" என்று மனைவி தினமும் கேட்டாள். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அவள் கேட்டதோடு சரி, காரியத்தில் இறங்கியது நான்.

ஸ்டேஷன் பக்கத்துச் சீனச் சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு காலண்டர் தொங்கும். வெள்ளைத் தாடி, புடைத்த நெற்றி, கையில் தடி, முகம் நிறைய அருள். யார் என்று கல்லாக்காரரிடம் கேட்டேன். "கொத்தில்லா சார், யாரோ சைனா தேவரு" என்றார். தெரியாது என்று அவர் சொன்னதை விட்டுவிட்டு, தேவரு, அதாவது சாமி, என்றதை மட்டும் பிடித்துக்கொண்டேன். படமெடுத்து அச்சகத்தில் கொடுத்தேன்.

நிச்சயம் பேசச் சம்பந்தி வந்தார். ரப்பர் எஸ்டேட்டில் தமிழர்களோடு வளர்ந்தவர். தமிழ் தடுமாறாமல் வரும், நடுவில் அந்த ஊர் 'லா' ஒன்று ஒட்டிக்கொள்ளும். வெற்றிலைத் தட்டில் வைத்துப் பத்திரிகையை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது மூட்டுவலி எண்ணெய் டப்பால இருக்கற தாத்தாலா, சம்பந்தி. எங்க வீட்டு பாத்ரூம்ல இருக்காரு."

பத்திரிகையைத் தட்டோடு திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அப்ப உங்க சாமி படம் ஒண்ணு குடுங்க, மாத்திடறேன்."

"படம் இல்ல. சின்னச் சாமி நெறைய இருக்கு. அடுப்புக்கு ஒண்ணு, வாசலுக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் மேல வானம். அதுக்கு மூஞ்சி கெடையாது."

"ஆம்பளச் சாமிங்களா, அம்மனுங்களா?" என்றாள் மனைவி.

"ரெண்டும் இல்ல. அது."

"வேண்டிக்கிட்டா?"

"கேக்காது."

"கோவிச்சுக்குமா?" என்றேன் நான், கடைசி நம்பிக்கையோடு.

"கோவிச்சுக்க ஆள் வேணும்ல? அங்க ஆளே இல்ல. நட்சத்திரம் சுத்துது, மழை பெய்யுது, மனுசன் பொறக்கறான், போறான். எல்லாம் அதோட ஒழுங்கு. நமக்காக நிக்காது."

ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும் எங்கள் குலதெய்வம் மாதேஸ்வரனைக் கூப்பிடுகிறவன் நான். பதவி உயர்வுக்காக அவர் மலையில் முடி கொடுத்தேன். பதவியும் வரவில்லை, முடியும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் சண்டை போட மேலே ஒருவர் இருந்தார். ஆளே இல்லாத மேலிடத்தைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். அங்கேயா என் பெண்ணை அனுப்புகிறேன்? தலைக்கு மேல் மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"அப்ப என்ற புள்ளைக்கு ஒண்ணுன்னா யாருகிட்டங்க சொல்றது?" என்றாள் மனைவி.

"என்கிட்ட சொல்லுங்க. அவங்க இருக்கப்போற வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன்" என்றார் சம்பந்தி.

மனைவி எழுந்து போய் அவருக்கு இன்னொரு காபி கொண்டுவந்தாள். அவள் பயம் அதோடு போயிற்று. எனக்குப் போகவில்லை.

பத்திரிகையை மறுபடி அச்சடித்தோம். வலது மூலை வெறும் வெள்ளை. "காலி பிட்பேகா சார்?", காலியாகவே விடவேண்டுமா என்று அச்சகத்துக்காரர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். மஞ்சள் தடவும்போது மனைவி அந்தக் காலி மூலைக்கும் தவறாமல் ஒரு பொட்டு வைத்தாள்.

அன்றைக்கு மகளிடம் போனில் புலம்பினேன். "மேல யாருமே இல்லாத வீட்டுக்குப் போறியே, கண்ணு."

அவள் சொன்னாள்: "உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்ப்பா. போன வருசம் எனக்கு டெங்கு வந்தப்ப நீங்க மலைக்கு வேண்டிக்கிட்டீங்க. காரை எடுத்துட்டு வந்து ஆஸ்பத்திரில சேத்தது உங்க சம்பந்திதான்."