ஏழாம் கேள்விக்குப் பதில்

வெர்லீன் டோலிவர் காலை பதினொரு மணிக்கே மதியச் சாப்பாட்டைப் பிரித்துவிடுவார். அவருடைய கைக்கடிகாரம் பன்னிரண்டு என்கிறது, அவர் என்ன செய்வார்? அலபாமாவில் இருந்துகொண்டு வாஷிங்டன் நேரத்தைக் கையில் கட்டியிருக்கும் பெண்மணி அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அறைச் சுவரில் தொங்கும் கடிகாரமும் அதே கட்சி. புதிதாக வருகிறவர்கள் ஒரு மணி நேரம் பிந்திவிட்டோமோ என்று பதறுவார்கள். பழகியவர்கள், "மிஸ் வெர்லீன், உங்க ஊர்ல இப்ப மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டே நுழைவார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன்பு, மானிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று, மாலை நாலரை மணிக்கு, அரை மணி நேரம் கையில் இருக்கிறது என்ற பெருமையோடு அனுப்பிவைத்தார். அலபாமாவில் நாலரை என்றால் வாஷிங்டனில் ஐந்தரை. அங்கே ஐந்துக்கே கடையைச் சாத்திவிட்டார்கள். எபனேசர் க்ரோவ் கல்லூரியின் பெண்கள் தொழில் மையம் அதன்பின் இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. "ஒரு மணி நேரத்துல ரெண்டு வருஷத்தத் தொலச்சவ நான்" என்பார். சொன்ன கையோடு பேச்சையும் மாற்றிவிடுவார்.

மையம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் பழைய தபால் அறை, நாலு மேஜை, இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். இவற்றோடு, காலை வேளைகளில் கல்லூரிச் சமையல்கூடத்தைப் பயன்படுத்த அனுமதி. இந்த அனுமதிதான் உயிர்நாடி. சமைத்து விற்கலாம் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட அடுப்பு அந்த ஊர்ப் பெண்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது. கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தாத்தாக்கள் செங்கல் சுமந்து கட்டிய கல்லூரி அது. கோடீசுவரப் பழைய மாணவர்கள் யாரும் இல்லை. ஆகவே மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெர்லீன் விண்ணப்பம் எழுத வேண்டும். கிடைத்தால் அடுப்பு எரியும்.

விண்ணப்பம் எழுதுவதில் அவருக்குச் சில பிடிவாதங்கள். அறிவிப்பை மர ஸ்கேல் வைத்து வரிவரியாகப் படிப்பார். ஒரு வரி முடிந்து ஸ்கேல் இறங்கும்வரை அறையில் யாரும் மூச்சுவிடக் கூடாது. வாஷிங்டனுக்குப் போன் பேசுவதென்றால் முதலில் உதட்டுச் சாயம் பூசிக்கொள்வார். "அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "குரல்ல தெரியும் கண்ணு" என்றார். விண்ணப்பத்தில் 'பரிதாபம்', 'பாவப்பட்ட' போன்ற சொற்களைக் கண்டால் அவருடைய பேனா சும்மா இருக்காது. "அழுகுறதுக்குச் சர்ச் இருக்கு. விண்ணப்பப் பாரத்துல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்பார்.

இந்த மார்ச் மாதம் அப்படி ஒரு பாரமே அவரைக் கவிழ்க்கப் பார்த்தது.

மையத்தில் சேர்ந்திருந்த பெண்கள் முப்பத்தொரு பேர். முதல் வகுப்பிலேயே அவர்களிடம் ஒரு பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தார். ஏழாவது கேள்வி: 'நீங்கள் ஒரு தொழிலின் உரிமையாளரா?' புதிய மானியம் வேண்டுமென்றால் குறைந்தது பதினைந்து பேர் 'ஆம்' என்று சொல்லியிருக்க வேண்டும். இதில் என்ன சிரமம் என்று வெர்லீன் நினைத்திருந்தார். திங்கட்கிழமை பாரங்களை எடுத்து அடுக்கியபோது முப்பத்தொரு பேரும் 'இல்லை' என்று குறி போட்டிருந்தார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் புதன்.

முப்பத்தொன்றில் ஒருத்தி, ஊரில் பாதிப் பேரின் தலையில் சடை பின்னுகிறவள். ஒருத்தி மூன்று சர்ச்சுகளின் பாடகர் குழுவுக்கும் அங்கி தைக்கிறாள். இன்னொருத்தியின் கேக் இல்லாமல் அங்கே கல்யாணமும் நடக்காது, சாவும் நடக்காது. கேட்டால், "அது தொழிலா? சும்மா பண்றேன்" என்கிறார்கள். தொழில் என்றால் கடை வேண்டும், பெயர்ப் பலகை வேண்டும், கழுத்தில் டை கட்டிய ஒருவர் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

வெர்லீன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது ஐந்து நிமிடம்தான். பிறகு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். பிரசங்கம் எதுவும் இல்லை, மூன்றே கேள்விகள். சடை பின்னும் ஷர்லாண்டாவிடம் நடந்தது இது:

"விலை யார்டீ சொல்றா?"

"நான்தான்."

"எண்ணெய், நூலெல்லாம் யாரு வாங்குறா?"

"நான்தான். ஏன் மிஸ் வெர்லீன், எதாச்சும் தப்பாயிடுச்சா?"

"நாளைக்கே இந்த வேலை வேணாம்னு தோணுச்சுன்னா, ராஜினாமாவ யாருகிட்ட குடுப்ப?"

ஷர்லாண்டா யோசித்தாள். அவள் நாற்காலியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த பெண்தான் முதலில் சிரித்தாளாம். "எங்கிட்டயேதான் குடுக்கணும்!" என்று கத்திய ஷர்லாண்டா, கையில் இருந்த பாதிச் சடையை அப்படியே விட்டுவிட்டுப் பாரத்தைத் திருத்த வந்தாள். வந்த இடத்தில் வெர்லீனிடம் திட்டும் வாங்கினாள்: "அந்தப் பொண்ண அரைத் தலையோட உக்கார வச்சுட்டா வந்த? போடி, முடிச்சுட்டு வா!"

இப்படிப் புதன் மதியத்துக்குள் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். மற்றவர்களில் சிலர் உண்மையிலேயே இனிமேல்தான் தொழில் தொடங்கப்போகிறவர்கள். அவர்களை வெர்லீன் கேட்கவே இல்லை. பாக்கி இருந்தது ஓப்பல் கிரேட்டன் மட்டும்.

ஓப்பலும் வெர்லீனும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஓப்பல் கல்லூரி அடுப்பில் கெளுத்தி மீன் வறுத்து, மரம் அறுக்கும் மில்லிலும் கோர்ட்டு வாசலிலும் தட்டுத் தட்டாக விற்கிறார். ஓப்பலின் மீன் வருகிறதென்றால் நீதிபதியே வழக்கைச் சீக்கிரம் ஒத்திவைப்பார் என்று ஊரில் கேலி உண்டு. அப்படிப்பட்டவர் ஏழு தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

வாஷிங்டன் கடிகாரம் மூன்றரையைக் காட்டியபோது, கல்லூரியின் டீன் டாக்டர் ஹேஸ்கின்ஸ் வந்து கதவோரம் நின்றார். சாது மனிதர். "மிஸ் டோலிவர், அந்தம்மா மீன் விக்கிறது ஊருக்கே தெரியும். நீங்களே ஒரு டிக்கப் போட்டு விட்டா என்னங்க?"

"ஊருக்குத் தெரியும் டாக்டர். ஓப்பலுக்குத் தெரியணுமே."

"மையம் மூடிப்போச்சுன்னா?"

"மூடிப்போனா நான் வீட்டுக்குப் போறேன். அவ கை போட வேண்டிய குறிய என் கை போடாது."

சொல்லிவிட்டாரே தவிர, டீன் போனதும் வெர்லீனின் விரல்கள் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தன. பயம்தான். அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

நாலேகால் ஆயிற்று. கதவைத் தட்டாமல் ஓப்பல் உள்ளே வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏழு தடவை கூப்புட்டிருக்க. வீட்டுல யாராச்சும் போய்ச் சேந்துட்டாங்களான்னு பயந்துட்டேன்டீ!"

"பயந்தவதான் போன எடுக்கலையாக்கும்?"

ஓப்பல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "எடுக்கல. நீ எதுக்குக் கூப்புடறன்னு தெரியும். ஷர்லாண்டா சொன்னா. ஆமான்னு ஒரு தடவை எழுதிட்டேன்னா, வீட்டு வாடகைக்கு ஒத்தாசை பண்றான் பாரு, அந்த கவர்மெண்ட் ஆபீஸ்காரனுக்கும் எனக்கு வருமானம் இருக்குன்னு தெரிஞ்சுபோகும். தெரியாதுன்னு சொல்லு பாப்பம்."

"சொல்ல மாட்டேன். தெரிஞ்சாலும் தெரியும். நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேருமே போய் அவன்கிட்ட சொல்லிடுவோம். ஒத்தாசைல கொஞ்சம் குறைச்சாலும் குறைப்பான். பொய் சொல்லி உன்னக் கையெழுத்துப் போட வெக்க மாட்டேன்."

ஓப்பல் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "கடையா, பலகையா? சும்மா மீன் வறுத்துக் குடுக்குறேன். அதுக்குப் பேரு தொழிலா?"

"மில்லு மேனேஜர் தட்டுக்கு ஒரு டாலர் குறைக்கச் சொன்னானாமே, நீ என்ன பண்ணுன?" மற்றவர்களிடம் கேட்ட மூன்று கேள்விகளையும் விட்டுவிட்டு, வெர்லீன் இந்த ஒன்றைத்தான் கேட்டார்.

"அவனா! 'நூறு பேரு திங்கிறாங்க, குறைச்சுக்கோ'ன்னான். போய்யான்னுட்டு ரெண்டு வெள்ளிக்கிழமை மில்லுப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. ஆளுங்க அவனப் பிடிபிடின்னு பிடிச்சிருக்கானுங்க. மூணாவது வெள்ளிக்கிழமை அவனே வாசல்ல வந்து தொப்பியக் கழட்டிட்டு நிக்கிறான். என் மீனு, என் விலை, இஷ்டம்னா வாங்கு இல்லாட்டி..."

ஓப்பல் பேச்சை நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. வெர்லீன் பாரத்தை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார்.

ஓப்பல் பேனாவை எடுத்து 'இல்லை'யின் மேல் ஒரு கோடு கிழித்தார். 'ஆம்' கட்டத்தில் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திக் குறி போட்டார். "கீழ பேருன்னு ஒண்ணு கேக்குதே?"

"தொழிலோட பேரு."

"அதெல்லாம் வெக்கலையே... எம் பேரத்தான் எழுதணும்."

"எழுது."

'ஓப்பல் கிரேட்டன் மீன்' என்று பெரிய எழுத்தில் எழுதி, தேதி போட்டார். வெர்லீன் பதினைந்து பாரங்களையும் கணினியில் ஏற்றி, ஸ்கேலை வைத்துக் கடைசித் தடவையாக ஒருமுறை சரிபார்த்து அனுப்பினார். வாஷிங்டனிலிருந்து 'பெறப்பட்டது' என்ற பதில் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பத்திரண்டு. மானியம் கிடைக்குமா என்பது தெரிய இன்னும் நாலு மாதம் ஆகும்.

ஓப்பல் எழுந்து, வழக்கம்போலக் கட்டிக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தார். நாற்பத்தைந்து வருடமாக அவர்கள் இருவரும் வணக்கம் சொல்வதும் விடைபெறுவதும் அப்படித்தான். வெர்லீன் அன்று அதற்குப் போகவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஜாக்கெட்டின் நடுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து நின்று வலது கையை நீட்டினார்.

"வெர்லீன் டோலிவர், பெண்கள் தொழில் மையம். உங்களச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம், மிஸ் கிரேட்டன்."

ஓப்பல் சிரிக்கப் போனார்; சிரிக்கவில்லை. நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் உள்ளங்கையை மழைக்கோட்டில் இரண்டு தடவை நன்றாகத் துடைத்துவிட்டுக் கையைக் கொடுத்தார்.