குவைத்துக்குத் தைத்த தோரணம்

என் தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவள் மகளுக்குப் பல்கூட முழுதாக முளைத்திருக்கவில்லை. இப்போது அந்தப் பிள்ளை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. என்னைத்தான் அம்மா என்கிறது. பெரியம்மா என்று திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

ஒப்பந்தம் முடிந்து வெகுகாலமாகியும் அந்த வீட்டு மேடம் என் தங்கையை அனுப்பவில்லை. பாஸ்போர்ட் மேடத்தின் அலமாரிக்குள். ஃபோன் மேடத்தின் கையில். அந்த அம்மாவுக்கு மனசு குளிர்ந்திருக்கிற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஃபோன் கிடைக்கும். அதுவும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், மேடம் பக்கத்திலேயே இருப்பாள். தமிழ் தெரியாவிட்டாலும் குரல் உடைந்தால் தெரிந்துவிடும். அழுதால் அடுத்த மாதம் ஃபோன் இல்லை. அதனால் நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசப் பழகியிருந்தோம்.

நான் ஏறாத படி இல்லை. அவளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன், மேடம் மனசு வைத்தால்தான் உண்டு என்றான். கொழும்பில் வெளிநாட்டு வேலைகளைப் பார்க்கிற ஓர் ஒபிஸில் எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தேன், தலையை ஆட்டினார்கள். ஓட்டுக் கேட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் பார்க்கிறேன் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் போலும்.

வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பேன், வந்த பிறகு தைப்பேன். இரண்டு துணிகளுக்கு நடுவே மெல்லிய பஞ்சை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டி, பறவை, பூ, இலை என்று வெட்டிக் கோத்துச் சுவரில் தொங்கவிடுகிற அலங்காரங்கள். கூடவே வாழ்த்து அட்டைகள். காகிதப் பட்டியை இழுத்தால் கதவு திறக்கும், பிரித்தால் மரம் எழுந்து நிற்கும். நுவரெலியாவில் சுற்றுலாக்காரர்கள் வருகிற கடை ஒன்று எடுத்துக்கொள்ளும். அட்டைகளுக்கு எங்கள் ஊர் மழைதான் சத்துரு. நமத்துப்போன பிரிஸ்டல் போர்டில் பட்டி நகராது, இழுத்தால் கிழியும். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடுகிற பரணில் வைத்துத்தான் காயவைப்பேன். புகை வாசம் ஏறிவிடும். கடைக்காரி அதற்கு மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

இங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் ஒரு காரியம் ஆக வேண்டும் என்றால் நேரே தொரையிடம் போவதில்லை. தட்டில் பழம், வெற்றிலை வைத்துக்கொண்டு பங்களாவின் பின்வாசலில் அவர் மனைவி தொரைசானியைப் பார்ப்போம். கேட்க வந்ததை வாய்விட்டுக் கேட்கவும் மாட்டோம். கொடுப்பதைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு நிற்போம். போன வருஷம் எங்கள் காம்பராவில் கூரைத் தகரம் ஓட்டையாகி, பிள்ளை படுக்கிற இடத்தில் தண்ணீர் ஒழுகியது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எத்தனையோ தடவை சொல்லியும் பலனில்லை. கடைசியில் பஞ்சு வைத்துத் தைத்த மயில் ஒன்றைக் கொண்டுபோய்த் தொரைசானி கையில் கொடுத்தேன். அந்த வாரமே தகரம் வந்தது.

அந்த மயில்தான் என் புத்தியைக் கெடுத்தது. மேடமும் ஒரு தொரைசானிதானே என்று நினைத்தேன்.

குவைத்தில் அதே ஊரில் வேலை செய்கிற பூண்டுலோயாப் பெண் ஒருத்தி லீவில் வந்திருந்தாள். அவள் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று வெறிபிடித்தவள்போல் வேலை செய்தேன். ஹட்டனில் வெட்டுத்துணி விற்கும் கடையில் இருந்த நல்ல நிறங்களையெல்லாம் அள்ளிவந்தேன். நீலம், மஞ்சள், கிளிப்பச்சை. மேடத்தின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒட்டகமும் பேரீச்சை மரமும் வைத்துப் பெரிய சுவர்த்துணி. மேடத்துக்கு ஓர் அட்டை.

அந்த அட்டையைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யப்போவதில்லை. ஒரு பக்கம் வெள்ளை வீடு. பட்டியை இழுத்தால் கதவு திறக்கும், பையோடு ஒரு பெண் வெளியே வருவாள். இன்னும் இழுத்தால் வழியெல்லாம் நகர்ந்து, மறுபக்கம் மலை அடிவாரத்தில் கையை விரித்து நிற்கிற சிறுமியிடம் போய்ச் சேருவாள். எழுத்து ஒன்றும் இல்லை. மேடத்துக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபு தெரியாது. ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு இது புரியாமலா போகும்?

என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுத்துணி பொறுக்கித் தந்த பிள்ளை, பையோடு வருவது யார் என்று கேட்டது.

"ஒங்க அம்மா," என்றேன்.

பிள்ளை என்னையும் பார்த்தது, அட்டையையும் பார்த்தது. பிறகு அந்தப் பெண்ணுக்குச் சிவப்புச் சேலைதான் வேண்டும் என்றது. சிவப்பே ஒட்டினேன்.

பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறிப்போய்ப் பொதியைக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அது சிணுங்கினாலே கைவேலையைப் போட்டுவிட்டு எடுப்பேன். பக்கத்துக் காம்பராக்காரிகள் நல்ல சேதி வரும் பாரு என்றார்கள். நானும் நம்பினேன், வெட்கமில்லாமல் நம்பினேன். தங்கைக்குப் புதுப்பாய் ஒன்றுகூட வாங்கி வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. முதலில் மேடத்தின் குரல், "குட், வெரி குட்," என்று குதூகலமாக. பின்னால் பிள்ளைகளின் சத்தம். பிறகு தங்கை வந்தாள். பொதியைப் பிரித்ததும் அடுப்புப் புகை வாசம் அடித்தது, முகத்தை அதில் வைத்துக்கொண்டு நின்றேன் என்றாள். மேடம் அட்டையைத் திருப்பித் திருப்பி இழுத்துப் பார்த்தாளாம். சின்னப் பிள்ளை அதைக் கீழே வைப்பதே இல்லையாம்.

புரிந்துகொண்டாளா என்று கேட்டேன்.

என் தங்கை சிரித்தாள். மேடத்துக்காகச் சிரிக்கிற சிரிப்பு.

"இத யாரு செஞ்சான்னு கேட்டாங்கக்கா. எங்க அக்கான்னு சொன்னேன். அப்ப ஒனக்கும் தெரியுந்தானேன்னு என்னைய ஒக்கார வச்சுட்டாங்க. நானும் தெரிஞ்ச மாதிரி புள்ளைகளுக்குச் செஞ்சு குடுத்தேன். இப்ப புள்ளைங்க என்னைய விட மாட்டேங்குதுக. இன்னும் ரெண்டு வருசம் இருக்கணுமாம். பேப்பரெல்லாம் போட்டுட்டாங்க."

நானும் சிரித்துவைத்தேன். பேசினால் அழுதிருப்பேன். மேடம் ஏதோ சொன்னாள். தங்கை அதையும் சொன்னாள், நோன்புப் பெருநாளுக்கு வாசல் முழுக்கத் தொங்கவிட ஒரு பெரிய தோரணம் வேண்டுமாம், பிறையும் விளக்குமாக. பூண்டுலோயாப் பெண்ணுக்குத் தெரிந்த ஒருத்தி அடுத்து லீவில் ஊருக்கு வருகிறாளாம், அவளிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

பிறகு, அதே சிரிப்போடு, அதே குரலில், "இந்தத் தடவ நல்லா தைக்காதக்கா," என்றாள். "கோணலா தை. சாயம் போற துணியா எடு. இவங்களுக்குப் புடிக்கக் கூடாது."

அதோடு அழைப்பு முடிந்தது.

தோரணத்துக்குத் துணி வெட்டினேன். இருப்பதிலேயே மட்டமான துணி, அழுக்குப் பச்சை. முதல் பிறையை வேண்டுமென்றே கோணலாகத் தைத்தேன். பஞ்சை ஒரு பக்கம் மட்டும் திணித்தேன். நூலை இழுத்துச் சுருக்கினேன். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. இதைப் பார்த்தால் மேடத்துக்கு ஆசை விட்டுப்போகும், என் தங்கையை விட்டுவிடுவாள் என்று சொல்லிக்கொண்டேன்.

விடுவாளா? அவள் எந்தக் கையால் ஃபோனைக் கொடுக்கிறாளோ அதே கைதானே பிடுங்குவதற்கும் ஓங்குவதற்கும். அக்கா இப்படித்தான் அனுப்பினாளா என்று மேடம் அந்தப் பிறையைத் தூக்கிக் காட்டும்போது எதிரே நிற்கப்போவது நானில்லை. வெள்ளிக்கிழமைகள் நின்றுபோனால் என் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

பிள்ளை எட்டிப் பார்த்து, "அம்மா, இது வளஞ்சிருக்கு," என்றது.

பிளேடை எடுத்துத் தையல் முழுவதையும் பிரித்தேன். நல்ல மஞ்சள் துணியை எடுத்து, மறுபடி நேராகத் தைத்தேன்.