கலியாண வேட்டியில் சுற்றிய ஈயக்குண்டு

கருமருந்து வெடித்தால் அழுகிய முட்டை மணம் வரும். தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு சனிக்கிழமைகள், நவம்பர் குளிரிலும் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் நானும் செல்லத்துரை அண்ணையும் கனடாவின் 401 நெடுஞ்சாலை வழியாக ஸ்காபரோவுக்குத் திரும்பினோம்...

இருவருக்கும் ஒரே பக்டரியில் வேலை. இருவரும் வன்னிக் காட்டில் இடியன் துவக்கோடு திரிந்தவர்கள். வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற துவக்கு. இங்கேயும் அந்த வகைத் துவக்குக்கென்று மான் வேட்டைக்கு ஒரு வாரம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வாய்மொழியாகவே பரீட்சை கொடுத்து லைசென்ஸ் எடுத்தோம்.

எனக்கு ஒரே ஒரு பயம். மாங்குளத்தில் நான் சுட்ட மரை மான் ஒன்று காயத்தோடு ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. இனிச் சுட்டால் மிருகம் அந்த இடத்திலேயே விழவேண்டும், இல்லாவிட்டால் சுடவே கூடாது என்று நினைத்திருந்தேன்.

கடையில் இரண்டு துவக்குகளை எடுத்து வைத்தார்கள். குழாய் வாய் ஐம்பது கலிபர் ஒன்று, அதைவிடப் பெரிய ஐம்பத்துநாலு ஒன்று. மானுக்கு ஐம்பதே போதும் என்றான் கடைக்காரன்.

"ஐம்பத்துநாலை எடு. மாடு மாதிரி மூஸ் மான் வந்தால்?" என்றார் அண்ணை.

"எங்களிட்டை மூஸுக்கு லைசென்ஸ் இல்லையே அண்ணை."

"அது மூஸுக்குத் தெரியுமே?"

ஐம்பத்துநாலை வாங்கினோம். குண்டிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்று மாபிள் போல உருண்டை. மற்றது நீளம், பாரமும் கூட. "பாரமானதுதான் ஆழமாய்ப் போகும்" என்று அண்ணை நீளத்தைத் தூக்கினார்.

பக்டரி நண்பர் ஒருவரின் தோட்டத்தில் தாள் கட்டிச் சுட்டுப் பார்த்தோம். ஐந்து வெடி. மூன்று தாளிலேயே படவில்லை. பட்ட இரண்டும் வட்ட ஓட்டை இல்லை... வெண்டிக்காயைப் படுக்கவைத்து அமத்தியது போல நீள ஓட்டை!

"மருந்து காணாது. இன்னும் ஒரு விரல் போடு" என்றார் அண்ணை.

"விரல் கணக்கை வன்னியோடை விடுங்கோ. குண்டு புரண்டு புரண்டு போகுது அண்ணை."

துவக்கை வெறுமையாக்கி, குழாய்க்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். உள்ளே குண்டைச் சுழற்றிவிட வெட்டிய வரிகள் மிக மெதுவாகத் திரும்பின. எங்கள் இடியனின் குழாய் வழவழப்பு, எதைப் போட்டாலும் துப்பும். இதுவோ வரிக்கு ஏற்ற குண்டைக் கேட்கிறது. மெல்லத் திரும்பும் வரியில் நீளக் குண்டு நிமிர்ந்து போகாது. உருண்டைக்கு அந்தக் கவலை இல்லை, எப்படிப் புரண்டாலும் உருண்டைதானே!

ஆனால் உருண்டை இறுக்கமாக இருக்க அதைத் துணியில் சுற்றவேண்டும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. அலுமாரியைக் கிண்டி ஒன்றை எடுத்துக் கிழித்தேன். சத்தம் கேட்டு மனைவி பூமணி ஓடிவந்தாள்.

"ஐயோ, உது கலியாண வேட்டியெல்லோ!"

"திரும்பக் கட்டுற யோசனை இல்லையப்பா."

"ஆர் உங்களைக் கட்டுறது?" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைப் பறித்து வட்டம் வட்டமாகத் தானே வெட்டித் தந்தாள். நல்லெண்ணெயில் நனைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சனி, ஐந்து குண்டும் தாளில் ஒரு உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. அண்ணை என்னைக் கட்டிப்பிடித்துப் பனியில் ஆடினார்.

டிசம்பரில், வேட்டையின் கடைசி நாளன்று ஐம்பது அடி தூரத்தில் ஒரு கிடாய் மான் பக்கவாட்டில் நின்றது. விசையை இழுத்தேன். வெள்ளைப் புகை முகத்தை மூடியது. ஒன்றும் தெரியவில்லை... ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேட்கவில்லை. புகை விலகியபோது, நின்ற இடத்திலேயே கிடந்தது.

நான் அழுதேன். அண்ணை பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சீறினார்.

அண்ணை இப்போது இல்லை. இன்றைய துவக்குகள் இருநூறு கெஜம் தூரம் சுடுகின்றனவாம், மருந்தும் வில்லை வில்லையாக வருகிறதாம். நான் எழுபத்தாறு வயதில் தமிழ் எழுத்தும் இங்கிலீசு எழுத்தும் ஒன்றாகப் படித்தேன். போன மாதம் துவக்குப் பெட்டியைத் திறந்தால் அடியில் துவக்கோடு வந்த ஒரு சின்னப் புத்தகம். விரல் வைத்து ஒரு கிழமை வாசித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, இந்தக் குழாய்க்கு உருண்டைக் குண்டுதான் என்று!

அன்றைக்கே எங்களில் ஒருவருக்காவது வாசிக்கத் தெரிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நல்லவேளை, தெரியவில்லை. அண்ணையோடு எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் கிடைத்தன.