தம்பி எடுத்த பூதப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் ஒரு பூதம் செத்துப்போனதற்காக அழுதேன். சிரிக்காதீர்கள். நான் மட்டுமா அழுதேன்? எங்கள் காரைக்கால் தியேட்டர் மொத்தமும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே அதற்குப் போதுமான கெட்ட பெயர் இருக்கிறது, நான் வேறு சேர்க்க வேண்டாம் என்று பார்க்கிறேன். ஏனென்றால்... எடுத்தவன் என் கூடப் பிறந்த தம்பி.

தம்பி அமலநாதன் ஆறு வருஷத்துக்கு முன்னால், கைக்கு வந்த சர்க்கார் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினான். சினிமா டைரக்டர் ஆகப்போகிறானாம். எங்கள் அப்பாவோ பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே 'எத்தா சிவில்' ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் பதிகிற ஆபீஸ் அது. ஓர் எழுத்து பிசகினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு சினிமா என்றால் எப்படி இருக்கும்? பெட்டியோடு நின்ற தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நீ எடுத்த படம் நம்ம ஊரு தியேட்டர்ல ஓடட்டும். அப்ப ஒங்கிட்ட பேசுறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனுஷர்! ஆறு வருஷம். ஒரு வார்த்தை கிடையாது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தம்பி வருவான். அப்பா இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொல்வார்: "அவன சாப்புட வரச் சொல்லும்மா." அவன் அங்கிருந்தே சொல்வான்: "அப்பாவ மொதல்ல சாப்புடச் சொல்லுக்கா." இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். நடுவில் தட்டை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரு அதட்டு அதட்டியிருப்பாள். எனக்கு அந்தத் தொண்டை வாய்க்கவில்லை.

மெட்ராஸில் தம்பி டீ வாங்கிக் கொடுத்தான், கிளாப் அடித்தான், ராத்திரியெல்லாம் புத்தகம் படித்தான். படித்த புத்தகமெல்லாம் சிவப்பு அட்டை. பெயரையும் செங்கதிர் என்று மாற்றிக்கொண்டான். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் ஒரு வழியாக ஒரு தயாரிப்பாளர் மாட்டினார். இங்கிலீஷ் ராட்சசப் படங்களுக்கு தரை டிக்கெட்டில் கூட்டம் அம்முவதைப் பார்த்தவர் அவர். தமிழில் அப்படி ஒன்று, சல்லிசாக, இருபதே நாளில் வேண்டும் என்றாராம். "பூதம் ஒண்ணு கண்டிப்பா வரணும். மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்." அந்த 'மத்ததெல்லாம்' என்ற வார்த்தையைத் தம்பி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மலிவான பூதப் படங்களில் மட்டும் ஏன் இத்தனை கொள்கை? பெரிய நடிகர், பெரிய செட் என்றால் டைரக்டரின் கொள்கையை யார் உள்ளே விடுகிறார்கள்? பூதப் படத்தில்தான் கேட்க ஆள் இல்லை. பூதத்தை முழுசாகக் காட்டக் காசும் இல்லை. மிச்ச நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? பேச்சால்தான்! நாமோ போஸ்டரைப் பார்த்துவிட்டுப் பூதத்துக்காகப் போகிறோம். அது ஒரு வாலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது... ஒன்றரை மணி நேரம் யாரோ நம்மைத் திருத்துகிறார்கள்.

படப்பிடிப்பு திருவேட்டக்குடி கடற்கரையில். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் (நான் டீச்சர்) சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு போனேன். மணலில் கோணிச் சாக்கு, தேங்காய் நார், கிழிந்த வலை, லாரி டியூப் எல்லாம் சேர்த்துத் தைத்துப் பச்சைப் பெயின்ட் அடித்து ஒன்று கிடந்தது. கண்ணுக்கு இரண்டு டார்ச் லைட் பல்பு.

"இதாடா பூதம்?"

"அது பூதமே இல்லக்கா," என்றான் தம்பி, கண்ணெல்லாம் பளபளக்க. "விசைப்படகு மொதலாளி! கரையோரத்து மீனையெல்லாம் வழிச்சு அள்ளிக்கிட்டுப் போயிர்றான்ல, அவன்தான் இது. கட்டுமரக்காரன் இந்தப் படத்தப் பாத்துட்டு எந்திரிக்கணும்!"

"எந்திரிப்பாங்கடா... இடைவேளைக்கு."

முறைத்தான். ஆனால் விளையாட்டில்லை, அவன் சொன்னது நிஜமான சங்கடம்தான். அந்தக் கரையில் எத்தனை அடுப்பு அந்த வருஷம் அணைந்து கிடந்தது என்று எனக்கே தெரியும். என் வகுப்புப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பூத வேஷம் போட மெட்ராஸிலிருந்து ஒரு ஸ்டன்ட் ஆள் வந்திருந்தார். சாக்கை மாட்டிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தார், முதல் அலையிலேயே மல்லாந்தார். இரண்டாவது முறையும் அதே கதி. மூன்றாவது முறை வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, வந்த வழியைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டார்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அஞ்சப்பன் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். ஆறடி உயரம், அகலமான தோள், கட்டுமரக்காரர்.

"என்னாங்க இது, அலைக்கு முதுகக் காட்டுறாரு? சாச்சுப்புடாதா?"

"நீங்க போடுறீங்களாண்ணே?" என்று கேட்டான் தம்பி.

அஞ்சப்பன் யோசித்தார். "மூஞ்சி தெரியுமாங்க தம்பி?"

"தெரியாதுண்ணே."

"பரவால்லீங்க. நான் நடக்குறதப் பாத்தாலே எங்க ஆளுங்க கண்டுக்குவாங்க."

அஞ்சப்பன் பூதமானது இப்படித்தான். அவரைப்போல் சொன்ன பேச்சு கேட்கிற பூதத்தை நான் கண்டதில்லை. குடிசையைப் பிய்க்கச் சொன்னால், உள்ளே யாரும் இல்லையே என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்.

படம் முதலில் மெட்ராஸில் வந்தது, மூன்றே நாள் ஓடியது. ஓரிடத்தில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், ஏனென்றே தெரியவில்லை, பிலிம் ஏதும் அறுந்துவிட்டதோ என்னமோ என்று தம்பி எனக்குக் கடிதம் போட்டான். அப்புறம் ஊர் ஊராகச் சுற்றி, போன வாரம் காரைக்கால் வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் போஸ்டர். கலங்கரை விளக்கத்தை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நாற்பதடிப் பூதம் உறுமுகிறது!

தம்பி முந்தின நாளே வந்துவிட்டான். இளைத்திருந்தான். அப்பா என்னிடம், "நாளைக்கி மேட்னிக்கு மூணு டிக்கெட் சொல்லிரும்மா," என்றார். படம் ஊருக்கு வந்தாயிற்று. அப்பா பேசியாக வேண்டும். என்ன பேசுவார்? 'இதுக்குத்தானாடா போன?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தம்பி ஒடிந்துவிடுவான். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

தியேட்டர் மாடியில் நான் நடுவில், இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் தம்பி. கீழே திருவேட்டக்குடியே வந்து உட்கார்ந்திருந்தது. அஞ்சப்பன் வெள்ளை வேட்டி சட்டையில், பக்கத்தில் முறுக்குப் பொட்டலத்தோடு அவர் சம்சாரம்.

டைட்டிலில் 'டைரக்‌ஷன் – செங்கதிர்' என்று வந்தது. அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"யாரும்மா இது?"

"நம்ம அமலுதாம்ப்பா."

"நான் பதிஞ்ச பேரு இது இல்லியே..."

மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

முக்கால் மணி நேரம் பூதமே வரவில்லை. பட்டதாரி ஹீரோ பேசுகிறான், பேசுகிறான், அப்படிப் பேசுகிறான். ஒருவழியாகப் பூதம் வந்தது, கலங்கரை விளக்கத்தின் பக்கமே போகவில்லை. இரண்டு குடிசையைப் பிய்த்தது, ஒரு கட்டுமரத்தைக் கவிழ்த்தது, உறுமிக்கொண்டே கடலுக்குத் திரும்பியது. தண்ணீர் ஓரத்துக்கு வந்ததும்... நின்றது. குனிந்தது. இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி, இரண்டு டார்ச் லைட் கண்ணிலும் ஒற்றிக்கொண்டது. அப்புறம்தான் உள்ளே இறங்கியது.

கொட்டகை அதிர்ந்தது! விசில் என்றால் அப்படி ஒரு விசில். "அஞ்சப்பண்ணேய்!" என்று நாலு மூலையிலிருந்தும் கத்தல்.

நான் தம்பியின் காதைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "ஏன்டா, இத வெட்டிருக்கக் கூடாதா?"

"எத?"

"பூதம் கும்புட்டுச்சே, அத!"

"கடல்ல எறங்கணும்னா அப்புடித்தானக்கா..." என்றவன், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டான்.

நீங்களே சொல்லுங்கள், எங்கள் பக்கத்தில் யார் சும்மா கடலில் கால் வைக்கிறார்கள்? நாங்கள் சிலுவை போட்டுக்கொள்வோம், அஞ்சப்பன் ஆட்கள் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எடுத்தபோதும் அவன் கண்ணில் படவில்லை, எடிட்டிங்கில் அத்தனை முறை ஓட்டிப் பார்த்தபோதும் படவில்லை! கேமராக்காரர் அதுவும் டைரக்டரின் கொள்கை என்று விட்டுவிட்டாராம்.

அதோடு கொள்கை கவிழ்ந்தது. பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்ட காரைக்கால் அம்மையாருக்குத் திருவிழா எடுத்து மாம்பழம் இறைக்கிற ஊர் இது. பூதம் என்பதற்காக யாராவது வெறுப்பார்களா? அதுவும் கடலைக் கும்பிடுகிற பூதத்தை? கிளைமாக்ஸில் ஹீரோ, பூதத்தை எதிரே நிற்க வைத்துக்கொண்டு, உழைப்பவனின் கடலை உறிஞ்சும் கூட்டத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான். பூதம் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றது.

"பேசுனது போதும்யா! அஞ்சப்பண்ணன் வெயில்ல நிக்கிறாரு பாரு!" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

பேச்சு முடிந்து ஹீரோ ஈட்டியை ஓங்கினான். "ஐயோ, பாவி! குத்தாதடா!" என்று அலறினார் அஞ்சப்பன் சம்சாரம். பக்கத்தில் முழு உடம்போடு முறுக்கு தின்றுகொண்டிருந்த புருஷன் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பூதம் தள்ளாடி விழுந்தது. விழும்போதும் கடலைப் பார்த்தே விழுந்தது. பாழாய்ப்போன கண்ணீர், எனக்கும் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் அஞ்சப்பனை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். விசைப்படகு முதலாளியைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அப்பா நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நான் காபி போட்டேன். தம்பி அடுப்படிக்கு வந்து நின்றான்.

"போதும்க்கா. யாரப் பத்தி எடுத்தேனோ அவங்களுக்கே புரியல. நாளைக்கி எங்கயாவது ஒரு கடையில கணக்கு எழுதப் போயிர்றேன்."

காபியை அவன் கையிலேயே கொடுத்து, "அப்பாட்ட குடு," என்றேன். போய் முன்னால் வைத்தான். அப்பா டம்ளரைத் தொடவில்லை. செருமினார். நானும் வாசற்படியில் வந்து நின்றுகொண்டேன்.

"ஏன்டா அமலு..."

அவனைப் பார்த்துத்தான்! நேராக அவன் முகத்தைப் பார்த்து!

"அந்தப் பூதத்த எதுக்குடா கொன்ன? அது பாட்டுக்குக் கடலுக்குத்தான போயிக்கிட்டிருந்துச்சு?"

தம்பி வாயைத் திறந்தான். சரி, விசைப்படகு, முதலாளி, உழைப்பு எல்லாம் வரிசையாக வரப்போகிறது, அப்பா எழுந்து போய்விடுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அடுத்த படத்துல கொல்ல மாட்டேம்ப்பா," என்றான் தம்பி.